கையளிப்பு மண்டபம்

கார் தயாராக இருந்தது. சிவநேசம்தான் தயாராக இல்லை என்று ஆல்டர்பேர்க் நிறுவனம் கருதியது.

இது அவருக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம், லாசால் கிளையின் கண்ணாடிக் கதவுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. காலையிலேயே பழைய காரை ஒரு ஹெயிட்டிக்காரருக்கு விற்றுவிட்டார். மெற்றோவில் வந்து, பஸ் மாறி, மிச்சத்தை நடந்திருந்தார். திரும்பும்போது இதெல்லாம் தேவைப்படாது என்று நினைத்திருந்தார்.

சிவநேசம் செயின்ட்-மிஷேலில் மட்டன் ரோல் செய்து நகரம் முழுவதும் தெப்பனர்களுக்குப் போடுகிறவர். தெப்பனர் என்றால் பாலும் பியரும் லொத்தரும் விற்கும் மூலைக்கடை. பல வருடம் ரோல் உருட்டி இப்போதுதான் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடிபூரல். அதற்கு ரொறொன்ரோவிலிருந்து மனைவியின் தமக்கையும் அவருடைய கணவர் அருமைராசாவும் வெள்ளி பின்னேரமே வருகிறார்கள்.

அருமைராசா கணக்காளர். கொழும்பில் எல்லாப் பரீட்சையையும் ஒரே தடவையில் பாஸ்பண்ணியவர். இதை அவரைச் சந்தித்த எல்லோரும் அறிவார்கள். அவரிடம் ஒரு ஆல்டர்பேர்க் இருந்தது. போன வருடம் வந்தபோது அதைச் சிவநேசத்தின் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு சிவநேசத்தின் காரிலேயே கையை ஊன்றிக்கொண்டு, “ஐசே, உம்மட கார் எங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சிவநேசத்தின் மனைவி ஞானாம்பிகை ஒரு வருடம் வளர்த்தார்.

ஆகவே விஷயம் எளிது. அருமைராசா வரும்போது புது வீட்டு டிரைவ்வேயில் புது ஆல்டர்பேர்க் நிற்கவேண்டும். அங்கே ஒரு காருக்குத்தான் இடம். கியூபெக்கில் சனியும் ஞாயிறும் கார்க் கடைகள் பூட்டு. வெள்ளி தவறினால் திங்கள். திங்கட்கிழமை அருமைராசா ரொறொன்ரோவுக்குத் திரும்பிவிடுவார்.

காலையில் வெளிக்கிடும்போது ஞானாம்பிகை வாசல்வரை வந்தார்.

“நேர வீட்டை வாங்கோ. ஒருத்தரோடயும் கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. மற்றது, சீற்றில கிடக்கிற பிளாஸ்டிக்கைக் கழட்ட விட்டிடாதேங்கோ.”

“ஏனப்பா கழட்டப் போறாங்கள்?”

“அக்காவையள் வரேக்க பிளாஸ்டிக் கிடக்கவேணும். இல்லாட்டி ஆரோ ஓடின கார் எண்டு அத்தான் சொல்லுவார்.”

அவர்கள் வீட்டுச் சோபாவில் பிளாஸ்டிக் இருந்தது. ரிமோட்டில் இருந்தது. பிரிஜ் கதவில் வாங்கிய நாளிலிருந்து இருந்தது. மூலைகளில் மட்டும் கொஞ்சம் சுருண்டிருந்தது. பிளாஸ்டிக்கை உரித்த கணத்தில் பொருள் பழசாகிறது என்பதில் அந்தக் குடும்பத்தில் இரண்டு கருத்து இல்லை.

லாசால் கிளையில் கத்தரின் என்ற பெண் அவரை வரவேற்றார். கைகளில் வெள்ளைக் கையுறை. நெஞ்சில் ‘கையளிப்பு ஆலோசகர்’ என்ற அட்டை.

“பொன்ஜூர். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?”

“கார்.”

உரையாடல் பிரெஞ்சில் நடந்தது. சிவநேசத்தின் பிரெஞ்சு தெப்பனர்களில் கற்றது. அதில் விலையும் எண்ணிக்கையும் நன்றாக வரும். உணர்ச்சி வராது.

கத்தரின் புன்னகைத்தார். “எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.”

அவரை ஒரு நாற்காலியில் இருத்தினார். நாற்காலி மிகவும் மெத்தென்று இருந்தது. அதிலிருந்து தனியாக எழும்ப முடியாது என்று சிவநேசம் பிறகு கண்டுகொண்டார்.

“சொகுசுக் கார் வாங்குகிறவர்கள் கையளிப்பு நாளில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எங்கள் தலைமையகம் ஆறு வருடம் ஆராய்ந்தது,” என்றார் கத்தரின். “நாற்பத்தொரு எதிர்பார்ப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. கார் அதில் இல்லை.”

“ஏன் இல்லை?”

“ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் ஏற்கனவே காரை வாங்கியிருந்தார்கள்.”

“நானும் வாங்கிவிட்டேன்.”

“வாங்கிவிட்டதை எப்படி எதிர்பார்ப்பீர்கள்?”

சிவநேசம் யோசித்தார். எங்கோ பிழை இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

“உங்கள் எதிர்பார்ப்பை மிஞ்சுவது எங்கள் கடமை,” என்றார் கத்தரின். “ஆனால் உங்களிடம் எதிர்பார்ப்பே இல்லை. ஒரு கோப்பி தந்தாலே மிஞ்சிவிடும். அப்படி மிஞ்சுவது எங்களுக்கு மரியாதை இல்லை. முதலில் உங்கள் எதிர்பார்ப்பை உயர்த்தவேண்டும்.”

“பெற்றோல் நிறைய அடித்திருக்கவேண்டும்,” என்றார் சிவநேசம்.

கத்தரினின் முகத்தில் கவலை தெரிந்தது. “அது நடுத்தரக் கார்களின் எதிர்பார்ப்பு.”

சுவரில் ஒரு படம் இருந்தது. ஒரு சோடி மழையில் சிரித்துக்கொண்டு நின்றது.

“குடை?”

“அருமையான தொடக்கம்! என்ன நிறம்?”

“கறுப்பு.”

“கடும் நீலம் என்று எதிர்பார்த்தால் உங்களுக்கு நல்லது. எங்களிடம் கடும் நீலம்தான் இருக்கிறது.”

“சரி, கடும் நீலம். ஆனால் அப்போது நீங்கள் எப்படி மிஞ்சுவீர்கள்?”

“இரண்டு தருவோம்,” என்றார் கத்தரின்.

கைத்தொலைபேசி அடித்தது. ஞானாம்பிகை.

“கிங்ஸ்ரன் தாண்டிட்டினமாம். எடுத்திட்டியளோ?”

“குடை எடுத்திட்டன்.”

“என்ன?”

“ரெண்டு.”

ஞானாம்பிகை தொலைபேசியை வைத்துவிட்டார்.

கத்தரின் அவருக்குக் கிட்ட வந்து மூச்சை மெல்ல இழுத்தார்.

“உங்களில் ஒரு மணம் இருக்கிறது.”

“மட்டன் ரோல். காலையில் ஐந்நூறு பொரித்தோம்.”

“நல்ல மணம். அதுதான் பிரச்சினை. கார் இன்னும் குழந்தை. முதலில் எது படிகிறதோ அதைத் தன் மணமாக எடுத்துக்கொண்டுவிடும்.”

அவரை ஒரு வெள்ளை அறைக்குள் விட்டார்கள். பெயர் ‘நடுநிலை அறை’. மேலிருந்து காற்று அடித்தது. சுவரோடு ஒரு சின்ன மேசையில் நான்கு துண்டுத் தோல் இருந்தது. இடையிடையே மணந்து பார்க்கவேண்டும். கத்தரின் இரண்டு தரம் வந்து மோந்துவிட்டு, “இன்னும் வெங்காயம்,” என்று சொல்லிப் போனார்.

மூன்றாம் தரம் வந்தபோது சிவநேசம் கேட்டார்: “புதுக் காரின் மணம் இவ்வளவு மெல்லியதா?”

“இல்லை. புதுக் கார்கள் இப்போது மணப்பதே இல்லை. தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. ஆனால் வாங்குகிறவர்கள் புதுக் கார் மணத்தை எதிர்பார்க்கிறார்கள். அதனால் காலையில் தெளித்தோம்.”

கடைசியில் நிறுவனத்தின் கடும் நீல மேலங்கி ஒன்றை அவருக்குப் போட்டுவிட்டார்கள். வெங்காயம் உள்ளே அடைபட்டது. கை நீளம் விரல் நுனியைத் தாண்டியது.

சிவநேசம் மணிக்கூட்டைத் தேடினார். சுவர்களில் ஒன்றும் இல்லை.

“சொகுசு வாடிக்கையாளர் நேரம் பார்ப்பதில்லை என்று ஆராய்ச்சியில் தெரியவந்தது,” என்றார் கத்தரின். “அதனால் மணிக்கூடுகளைக் கழற்றிவிட்டோம்.”

சிவநேசம் மேலங்கியின் கையை மடித்துத் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். கத்தரின் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கோயிலுக்குள் செருப்போடு வந்தவரைப் பார்க்காததுபோல.

பிறகு கையளிப்பு மண்டபம். உயரமான கூரை. நடுவில் வட்டமான மேடை. மேடையில் கடும் நீலத் துணி போர்த்திய ஏதோ ஒன்று. அது கார் என்பது துணியின் வடிவத்திலிருந்து தெரிந்தது.

கிளை இயக்குநர் அக்னெஸ் அங்கே நின்றார். வெள்ளித் தலைமயிர். குரலில் பிரார்த்தனையின் இறக்கம்.

“நாங்கள் இரும்பு விற்பதில்லை,” என்று ஆரம்பித்தார். “இரும்பை எவரும் விற்கலாம். எங்கள் இரும்பும் மற்றவர்களின் இரும்பைப் போலத்தான் பழுதாகிறது. வித்தியாசம் ஒன்றுதான். எங்களுடையது பழுதாகும்போது வாடிக்கையாளர் கோபப்படுவதில்லை. ஏன்? முதல் நாள் அதைக் கண்டு அழுதவர். ஒரு பொருளைக் கண்டு அழுத மனிதர் பிறகு அதைக் குறைசொல்ல வெட்கப்படுவார். இதற்கு நாங்கள் விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.”

கத்தரின் கண்களைத் துடைத்தார். இதை அவர் முன்பும் கேட்டிருக்கவேண்டும்.

“சில வருடங்களுக்கு முன் கியர்ப்பெட்டியில் ஒரு சிறிய விஷயம் நடந்தது,” என்று அக்னெஸ் தொடர்ந்தார். “கையளிப்பில் பத்துக்கு எட்டுக்கு மேல் மகிழ்ந்தவர்களில் ஒருவர்கூட முறையிடவில்லை. ஆறுக்குக் கீழே மகிழ்ந்தவர்கள் எல்லோரும் வழக்குப் போட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம்.”

“கியர்ப்பெட்டியைத் திருத்திவிட்டீர்களா?”

“இல்லை. ஏழுக்குக் கீழே மகிழ்கிறவருக்குச் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டோம்.”

சிவநேசம் மேலங்கியின் கையை மறுபடி மடித்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

“குறைந்தால்?”

“திங்கட்கிழமை திரும்ப வரலாம். மகிழ்ச்சிக்கு அவசரம் கூடாது.”

“மடாம், கார் என்னுடையது. முழுவதும் கட்டிவிட்டேன்.”

“மகிழ்ச்சிக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறீர்கள்,” என்றார் அக்னெஸ். “அதை வாங்காமல் போக நாங்கள் எப்படி விடுவோம்? அது களவாகிவிடும்.”

விளக்குகள் அணைந்தன. எங்கிருந்தோ வயலின் கேட்டது. கத்தரின் துணியை இழுத்தார்.

கார் நின்றது. சாம்பல் நிறம். சிவநேசமே தெரிவுசெய்த சாம்பல். அவர் மேடையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். முன் டயரைக் காலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“நல்லாயிருக்கிறது,” என்றார்.

வயலின் நின்றது. அக்னெஸும் கத்தரினும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

“மூன்று,” என்றார் அக்னெஸ். “டயரை உதைத்தீர்கள்.”

“காற்றுப் பார்த்தேன்.”

“எங்களில் சந்தேகப்பட்டீர்கள்.”

துணியைத் திரும்பப் போர்த்தார்கள். சிவநேசத்தை வெளியே அனுப்பி மறுபடி உள்ளே அழைத்தார்கள். விளக்கு, வயலின், துணி. இம்முறை அவர் வாயைத் திறந்தார். பல் வைத்தியரிடம் திறப்பதுபோல அகலமாகத் திறந்து, அக்னெஸ் பார்த்து முடியும்வரை வைத்திருந்தார்.

“நாலரை. வாய் மட்டும்தான் வியந்தது. புருவம் வரவில்லை.”

தொலைபேசி அடித்தது.

“கோர்ன்வோல் தாண்டிட்டினம். என்னப்பா செய்யிறியள் அங்க?”

“சோதினை வைக்கினம்.”

“என்ன சோதினை? உங்களுக்கு லைசன்ஸ் இருக்குத்தானே?”

“சந்தோசச் சோதினை.”

“உங்களுக்கோ?” என்று கேட்ட ஞானாம்பிகையின் குரலில் நம்பிக்கை முழுவதும் போயிருந்தது.

அக்னெஸ் அவர் பேசி முடிக்கும்வரை அவதானித்துக்கொண்டிருந்தார். “உங்கள் தாய்மொழியில் முகம் கொஞ்சம் அசைகிறது,” என்றார். “தாய்மொழியில் மகிழ்கிறவர்கள் சராசரியாக ஒரு புள்ளி கூட எடுக்கிறார்கள். எங்களிடம் ஒரு தமிழர் இருக்கிறார்.”

அவர் பெயர் தீபக். சென்னைக்காரர். பின் அறையிலிருந்து கழுத்தில் ஹெட்போனோடு வந்தார்.

“வணக்கம் சார். நான் இங்க கார்ல நேவிகேஷன், புளூடூத்லாம் செட் பண்றேன். நீங்க தமிழ்லயே ஃபீல் பண்ணுங்க சார், நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்.”

“தம்பி, எனக்குக் கார் வேணும். சகலன் வந்துகொண்டிருக்கிறார். அவர் வரமுதல் வீட்டை போய்ச் சேரவேணும். அவ்வளவுதான்.”

தீபக் அக்னெஸிடம் திரும்பிப் பிரெஞ்சில் பேசினார். நெடுநேரம் பேசினார். இடையில் தன் பாதங்களைக் காட்டினார். அக்னெஸ் நெஞ்சில் கைவைத்தார்.

“என்ன சொன்னனீர்?”

“சின்ன வயசுல வெறுங்காலோட வெயில்ல நடந்து ஸ்கூலுக்குப் போனீங்கன்னு சொன்னேன் சார். அப்ப ரோட்டுல ஒரு கார் புழுதி அடிச்சுட்டுப் போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்க.”

“நான் சைக்கிளில போனனான்.”

“சைக்கிள்னா அஞ்சுதான் சார் வரும். போன வாரம் ஒரு பல் டாக்டர். அவரு அப்பா படகுல வந்தாருன்னு சொன்னேன். எட்டு வந்துச்சு.”

“படகிலயோ வந்தவர்?”

“ஏர் பிரான்ஸ்ல வந்தாரு சார்.”

“ஐந்தரை,” என்றார் அக்னெஸ். “கதை உயர்வானது. முகம் அதோடு ஒத்துழைக்கவில்லை.”

தீபக் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். “சார், உங்க மூஞ்சில ஒண்ணுமே ஓடலையே.”

“என்ர கலியாண வீடியோவிலயும் இப்பிடித்தான்.”

“ஏதாவது பழசை நெனச்சு அழப் பாருங்க சார்.”

“சந்தோசம் எல்லே கேக்கினம்?”

“அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது சார். தண்ணி வந்தா போதும்.”

சிவநேசம் முயன்றார். இழந்த வீட்டை நினைத்தார். விட்டு வந்த நாட்டை நினைத்தார். வெளிநாடு வரக் காத்துக் கொழும்பில் லொட்ஜில் கிடந்த மாதங்களை நினைத்தார். அதற்கெல்லாம் அழுது முடித்து வருடங்கள் ஆகிவிட்டன. கண் காய்ந்தே இருந்தது.

தொலைபேசி மறுபடி அடித்தது.

“கிட்ட வந்திட்டினம். வோத்றெய்யில கோப்பி குடிக்க நிப்பாட்டியிருக்கினமாம்,” என்றார் ஞானாம்பிகை. கிசுகிசுத்தார், ஏன் என்று தெரியவில்லை, வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. “இப்ப வெளிக்கிட்டாலும் பிடிக்கலாம். இஞ்சேருங்கோ, கேக்குதோ? அத்தானுக்கு முன்னால என்னைத் தலைகுனிய வைச்சிடாதேங்கோ.”

சிவநேசம் அக்னெஸைப் பார்த்தார். “இன்னும் எத்தனை தரம்?”

“ஒரு கட்டம்தான் மிச்சம்,” என்றார் அக்னெஸ். “ஆராய்ச்சியில் முதலாவதாக வந்த எதிர்பார்ப்பு. இதற்கும் முகம் அசையாவிட்டால் திங்கட்கிழமை பார்ப்போம்.”

கத்தரின் பழைய கையுறைகளைக் கழற்றிப் புதிதாக ஒரு சோடி போட்டுக்கொண்டார். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே சீற்றுகள் பளபளத்தன. தலைப்பகுதியிலிருந்து அடிவரை இறுக்கமான, சுருக்கமில்லாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்.

சிவநேசம் அதைக் கண்டார். அந்த மத்தியானத்தில் அவருக்குப் பிடித்த முதல் காட்சி அதுதான். அருமைராசா கதவைத் திறப்பதையும், பிளாஸ்டிக்கைக் காண்பதையும், ஒன்றும் சொல்ல முடியாமல் கதவைச் சாத்துவதையும் அவர் மனதில் பார்த்தார்.

“எவரும் தொடாத தோலைத் தொடுகிற முதல் ஆள் நீங்கள்,” என்றார் கத்தரின். இரண்டு விரலால் பிளாஸ்டிக்கின் மூலையைப் பிடித்தார். இழுத்தார்.

சர்ரென்று சத்தம் வந்தது.

“ஐயோ!” என்றார் சிவநேசம்.

அது மண்டபம் முழுவதும் எதிரொலித்தது. கத்தரின் ஊக்கம் பெற்று இன்னும் வேகமாக இழுத்தார். சாரதி சீற் முடிந்தது. பக்கத்துச் சீற்றுக்குத் தாவினார்.

“வேண்டாம் பிள்ளை! விடுங்கோ! கழட்டாதேங்கோ!”

சிவநேசம் மேடையில் பாய்ந்தார். பிளாஸ்டிக்கின் மறு நுனியைப் பிடித்தார். மேலங்கியின் நீளக் கையால் பிடி வழுக்கியது. இருவரும் இழுத்தார்கள். அது நடுவில் கிழிந்தது. கத்தரின் பின் சீற்றுக்குள் புகுந்தார். ஸ்டியரிங்கைச் சுற்றியிருந்த மெல்லிய உறை போனது. திரையில் ஒட்டியிருந்தது போனது. கதவுக் கைப்பிடிகளில் இருந்தது ஒவ்வொன்றாகப் போனது.

எல்லாம் முடிந்தபோது சிவநேசம் மேடையில் இருந்தார். மடியில் பிளாஸ்டிக் குவிந்து கிடந்தது. அதை நெஞ்சோடு அணைத்தார். புருவங்கள் ஏறின. உதடு நடுங்கியது. கண்ணீர் வந்தது, நிற்கவில்லை.

“அம்பிகை,” என்றார். “ஒண்டே ஒண்டுதான் கேட்டனீ. அதையும் காப்பாத்தேலாமப் போச்சே.”

“என்ன சொல்கிறார்?” என்று அக்னெஸ் கேட்டார். அவருடைய குரலும் உடைந்திருந்தது.

தீபக் சிவநேசத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“மனைவியின் பெயரைச் சொல்கிறார்,” என்றார். “இந்தக் கணத்தில் அவர் பக்கத்தில் இல்லையே என்கிறார்.”

அக்னெஸ் கைக்குட்டையை எடுத்தார். “இந்த மண்டபத்தில் இப்படி ஒரு மகிழ்ச்சியை நான் கண்டதில்லை.”

அவர்கள் ஒன்பது கொடுத்தார்கள்.

லாசால் கிளையில் அதுவரை எவரும் எட்டரையைத் தாண்டியதில்லை. வேலைக்காரர் எல்லோரும் வந்து கைதட்டினார்கள். மேலங்கியின் கழுத்துப்பட்டியில் ஒன்பது என்று பொறித்த பொன்னிற ஊசி ஒன்றைக் குத்தினார்கள். படம் எடுத்தார்கள்: சிவந்த கண்கள், நீளக் கை, நெஞ்சில் பிளாஸ்டிக், இரு பக்கமும் குடை. அதைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டப்போவதாக அக்னெஸ் சொன்னார். சாவி ஒரு பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள் இருந்தது.

“கலக்கிட்டீங்க சார்,” என்றார் தீபக். “நான் ஒரு எட்டு வரும்னு பார்த்தேன்.”

“தம்பி, அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பப் போடேலாதோ?”

“ஃபேக்டரிலதான் சார் போடுவாங்க. ஜெர்மனில.”

தெருவுக்கு வந்ததும் பெற்றோல் விளக்கு எரிந்தது. பெற்றோல் அடித்தார். நெடுஞ்சாலையில் ஒரு பாதையைச் செம்மஞ்சள் கூம்புகள் வைத்து மறித்திருந்தார்கள். கூம்புகளுக்கு அப்பால் ஒருவரும் வேலை செய்யவில்லை. கார் சத்தமில்லாமல் ஊர்ந்தது. உள்ளே தெளித்த மணமும் வெங்காயமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று உருவாகியிருந்தது.

ரொக்ஸ்பரோவில் தெருவுக்குள் திரும்பியபோதே தெரிந்துவிட்டது. டிரைவ்வேயில் ஒரு கறுப்பு ஆல்டர்பேர்க் நின்றது. ஒன்ராரியோ இலக்கத் தகடு.

சிவநேசம் இரண்டு வீடு தள்ளி, ஒரு வேலி மரத்தடியில் காரை நிறுத்தினார்.

அருமைராசா வாசற்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றார்.

“வாரும் ஐசே, வாரும். கார் எடுக்கப் போனதெண்டு சொல்லிச்சினம். எங்க?”

சிவநேசம் கையைக் காட்டினார். அருமைராசா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“அந்த மரத்துக்குப் பின்னால நிக்கிறதோ? போன வருச மொடல் போல.”

ஞானாம்பிகை வெளியே வந்தார். தெருவில் இறங்கி நடந்து போனார். காரின் கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்தார். திரும்பி வந்தார். சிவநேசத்தைத் தாண்டி உள்ளே போனார். சற்று நேரத்தில் குசினியில் சட்டிகள் ஒன்றோடொன்று மோதின.

அருமைராசா இரண்டு படி இறங்கி வந்தார். பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

“ஐசே, மண்டபத்துக்க கொண்டு போனவங்களோ?”

“ஓம் அண்ணை.”

“துணி இழுத்தவங்களோ?”

“ரெண்டு தரம்.”

“வயலினோ?”

“வயலின்தான்.”

அருமைராசா தேத்தண்ணியைப் பார்த்தார். குடிக்கவில்லை.

“எத்தினை தந்தவங்கள்?”

“ஒன்பது.”

எதிர் வீட்டில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

“பொய் சொல்லாதையும்.”

சிவநேசம் மேலங்கியின் கழுத்துப்பட்டியை நிமிர்த்திக் காட்டினார். அருமைராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஊசியை விரலால் தொட்டும் பார்த்தார்.

“எனக்கு முதல் தரம் ஆறரை,” என்றார். “அடுத்த கிழமை வரச் சொல்லிப்போட்டாங்கள். பேந்து இவளையும் கூட்டிக்கொண்டு போய், ரெண்டு பேருமா நிண்டு எடுத்தது ஏழு.”

“பறவாயில்லை அண்ணை,” என்றார் சிவநேசம். “ஏழு பாஸ்தானே.”

அருமைராசா கோப்பையைப் படியில் வைத்தார். காற்சட்டைப் பையில் சாவியைத் தேடி எடுத்தார். கறுப்பு ஆல்டர்பேர்க்கில் ஏறி, மெதுவாகப் பின்னால் எடுத்து, தெருவில் தள்ளி நிறுத்தினார். இறங்கி வந்து ஓரமாக நின்றார்.

“உம்மட காரை உள்ளுக்க விடும்,” என்றார்.

சிவநேசம் காரைக் கொண்டுவந்து டிரைவ்வேயில் விட்டார். அதற்குள் விஷயம் குசினிக்குப் போயிருந்தது. சட்டிச் சத்தம் நின்றது. ஞானாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். காரைப் பார்க்கவில்லை. நேராக வந்து ஊசியைப் பிடித்துப் பார்த்தார்.

“பத்துக்கோ?”

“ஓம்.”

ஞானாம்பிகை நிமிர்ந்தார்.

“அப்ப மற்ற ஒண்டு எங்க போனது?”